ஒரு தடவைதான் சொல்லும்

எங்கள் ஆபீஸில் சேர்ந்த அன்று, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் மேடம் கேட்ட முதல் கேள்வி, "இங்க ஊதா எவ்ளோ வருது?" என்பதுதான்.

பாயும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாய் எங்கள் முதலாளி. குடும்பம் முழுக்கத் தோல் வியாபாரத்தில் இருக்க, இவர் மட்டும் ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, தொழிற்சாலைகளுக்கு வேண்டிய மின்னணுக் கருவிகள் செய்துகொண்டிருந்தார். "பெட்டிக்கு சாம்பல் கலர்தான் மேடம் அடிக்கிறோம்" என்றார் தயங்கியபடி.

மேடம் சிரிக்கவில்லை. என் கணினிக்கு முன்னால் வந்து நின்று, "கட்டிக் காட்டு" என்றார்.

அவர் கேட்டது கம்பைலர் எச்சரிக்கைகளை. எங்கள் கருவி ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு குட்டிக் கணினி உண்டு. அதன் இயங்குதளத்தின் நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வேலை வாங்குகிற பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். அதை நாங்களே கட்ட வேண்டும். கட்டுவது என்றால், ஆயிரக்கணக்கான கோப்புகளைக் கம்பைலர் என்கிற மென்பொருள் ஒவ்வொன்றாக வாசித்து, இயந்திரத்துக்குப் புரிகிற மொழிக்கு மாற்றித் தருவது. தப்பு இருந்தால் சிவப்பில் எழுதிவிட்டு நின்றுவிடும். தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் என்னவோ சரியாகப் படவில்லை என்றால், ஊதாவில் ஒரு வரி எழுதிவிட்டுத் தன்பாட்டுக்கு அடுத்த கோப்புக்குப் போய்விடும். அந்த ஊதாதான் வார்னிங். அதை யார் உட்கார்ந்து வாசிப்பது? கெர்னல் கட்டி முடிந்ததா, ஓடுகிறதா, டீ குடிக்கப் போகலாம் என்பதுதான் எங்கள் வழக்கம்.

அன்று திரையில் ஊதா வரிவரியாக ஓடியது. மேடம் கைப்பையை மெதுவாக மேஜைமேல் வைத்தார். "இத்தன சொல்லுது. ஒருத்தர்கூட இன்னானு கேக்கலையா?" என்றார். கம்பைலருக்காக ஒருவர் வருத்தப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதில் ஓர் எழுத்து சரியில்லை என்று கோயம்புத்தூரிலிருந்து போன் வரும்.

என்னைவிட நாலைந்து வயது பெரியவர். தினமும் வேலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம், கையில் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய அவித்த வேர்க்கடலைப் பொட்டலம். எங்கள் பழைய கணினியில் கெர்னல் முழுதாகக் கட்டி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கடலையை உடைத்து உடைத்துத் தின்றுகொண்டிருப்பார். உடைக்கிற சத்தம் நின்றால் ஊதா வந்துவிட்டது என்று அர்த்தம். பாய் தன் அறையிலிருந்தே, "இன்னா மேடம், வந்துடுச்சா?" என்று குரல் கொடுப்பார்.

முன்பு சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் வேலை செய்தவர். அதை ஏன் விட்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "அங்க வார்னிங் எல்லாத்தையும் ஆஃப் பண்ணி வெச்சிருந்தாங்க" என்றார். தண்ணீர் வரவில்லை, வீட்டைக் காலி செய்துவிட்டோம் என்பார்களே, அந்தக் குரலில் சொன்னார்.

சொல்லிக்கொடுக்கிற ஆள் இல்லை அவர். சந்தேகம் கேட்டால் எரிச்சல்படுவார். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துத் தானே அடித்து முடித்துவிடுவார். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், "பாத்துனுதானே இருந்த?" என்பார். அவரிடம் தொழில் கற்றேன் என்று நான் சொன்னால் அது முகஸ்துதி. நான் இன்றைக்கும் அவரை நன்றியோடு நினைப்பதற்குக் காரணம் வேறு.

கெர்னல் கட்டுவதில் ஒரு விஷயம் உண்டு. முதல் தடவை கட்டும்போது எல்லாக் கோப்புகளையும் கம்பைலர் வாசிக்கும். இரண்டாவது தடவை, மாறிய கோப்புகளை மட்டும்தான் வாசிக்கும். மற்றவற்றுக்கு ஏற்கெனவே செய்துவைத்த வேலையையே எடுத்துக்கொள்ளும். ஆகவே நேற்று ஊதாவில் சொன்னதை இன்று சொல்லாது. கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும், திரை மட்டும் பளிச்சென்று இருக்கும். எங்கள் தொழிலில் பலர் ஏமாறுகிற இடம் இதுதான். இரண்டு தடவை கட்டிப் பார்த்துவிட்டு, தானாகச் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மேடம் மட்டும் ஒவ்வொரு முறையும் பழையதை முழுக்கத் துடைத்துவிட்டு முதலிலிருந்து கட்டுவார். "அது ஒரு தடவைதான் சொல்லும். கூச்ச சுபாவம். நாமதான் காதுல வாங்கிக்கணும்" என்பார்.

இதைக் கணினியோடு நிறுத்தியிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். மேடத்துக்கு உலகம் முழுக்கவே கம்பைலர்தான்.

ஒருநாள் காலையில் முத்துக்கடை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தோம். வண்டி நிறைய ஆள். பின் சக்கரத்திலிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச தூரத்தில் நின்றும் போனது.

"அண்ணா, வண்டிய நிறுத்துங்க."

"இன்னாம்மா, அதான் சத்தம் நின்னுடுச்சே?" என்றார் டிரைவர்.

"நின்னுடுச்சுனுதான் நிறுத்தச் சொல்றேன்."

எல்லோரும் இறங்க வேண்டியதாயிற்று. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஷூ கம்பெனிப் பெண்கள் கத்தியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து டயரைப் பார்த்தார். இடுக்கில் ஒரு ஜல்லிக்கல் அழுந்திச் சிக்கியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. "இதுக்காம்மா இந்த ஆர்ப்பாட்டம்?" என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். "கல்லுதான்னு தெரிஞ்சுடுச்சு இல்ல, போலாம்" என்று மேடம் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் மானம் போயிற்று.

இன்னொரு சமயம் ரம்ஜான் மாதம். மத்தியானத்தில் பாய் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "லேசா தல சுத்துது" என்று பொதுவாகச் சொன்னார். மறுநாள் அவர் தெம்பாகத்தான் வந்தார். மேடம் விடவில்லை.

"நேத்து தல சுத்துதுன்னீங்களே பாய், அது இன்னா ஆச்சு?"

"நோன்பு மேடம்! நோன்புல தல சுத்தாம இன்னா பண்ணும்?"

"நோன்புதான்னு டாக்டர் சொல்லட்டும்."

நாள் முழுக்க நச்சரித்து அவரை டாக்டரிடம் அனுப்பிவைத்தார். டாக்டரும் நோன்பு என்றுதான் சொன்னாராம். பாய் இதை வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம் அவர் பொட்டலத்திலிருந்து எனக்கும் ஒரு பிடி கடலை கிடைத்தது.

பெரும்பாலும் இப்படித்தான். போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஊதா வரிகளும் அப்படியே. யாரும் உபயோகிக்காத ஒரு பெயர், எங்கோ விட்டுப்போன ஓர் அடைப்புக்குறி, இந்த மாதிரிச் சில்லறை விவகாரங்கள். அவற்றுக்காக நாள்கணக்கில் உட்காருவார். "நல்ல மனுஷிதான், ஆனா ரொம்ப பேஜார்" என்று பாய் என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆமாம் என்று நானும் தலையாட்டியிருக்கிறேன்.

என் அண்ணனைப் பற்றி மேடத்திடம் ஒரே ஒரு தடவைதான் பேசியிருப்பேன். அம்மா போன பிறகு வீட்டில் அவனும் நானும் மட்டும்தான். தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையம் ஒன்றில் அவன் ஆபரேட்டர். தோலிலிருந்து வருகிற ரோமம் கழிவுத் தொட்டியின் பம்பில் சுற்றிக்கொண்டு அடிக்கடி அடைத்துவிடும். தொட்டிக்குள் இறங்கக் கூடாது என்று போர்டு தொங்கும். ஆனால் பம்ப் நின்றால் எல்லாமே நின்றுவிடும். அதனால் எட்டிப் பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள், பிறகு யாராவது ஒருவர் ஏணியில் இறங்கி ரோமத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு வருவார். அந்த ஒருவர் பெரும்பாலும் அண்ணன்தான். ஒரு மத்தியானம் சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாக இதைச் சொல்லிவிட்டு, மேடத்தின் டப்பாவிலிருந்து ஊறுகாய் எடுத்துக்கொண்டேன்.

பாய் அப்போது அந்த மாதிரித் தொட்டிகளுக்காகத்தான் ஒரு கேஸ் அலாரம் செய்துகொண்டிருந்தார். கழிவிலிருந்து வருகிற விஷவாயு அழுகிய முட்டை மாதிரி நாறும். கொஞ்சமாக இருந்தால் மூக்கே கண்டுபிடித்துவிடும். ரொம்ப அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குகிறவர் ஏறி வர மாட்டார். எங்கள் கருவியில் தொட்டிக்குள் ஒரு சென்சார், மேலே வாயுவின் அளவை எண்ணாகக் காட்டுகிற ஒரு பெட்டி. பச்சை எரிந்தால் வாயு இல்லை. சிவப்பு எரிந்து சைரன் அடித்தால் கிட்டே போகாதே. முதல் பெட்டி அண்ணன் வேலை செய்கிற நிலையத்துக்கே போகவிருந்தது.

அதற்கு ஒருநாள் காலையில் விழா. பூசணிக்காய் உடைத்து, பெரிய மனிதர்களைக் கூப்பிட்டுப் பெட்டியை மாட்டுவதாக ஏற்பாடு. பந்தல்கூடப் போட்டாகிவிட்டது. அதற்கு முந்தின நாள் மத்தியானம் மேடம் கடைசியாக ஒருமுறை கெர்னலைக் கட்டிக்கொண்டிருந்தார். கடலை உடைக்கிற சத்தம் நின்றது.

"பாய், கொஞ்சம் வாங்க."

சென்சாரை விற்றவர்களே எழுதிக் கொடுத்த கோப்பில் ஓர் ஊதா வரி. வாயுவின் அளவைக் குறித்துவைக்கிற இடம், அதற்குள் புது அளவு எதுவும் வந்து சேராமலேயே பயன்படுத்தப்படலாம் என்று சொல்லியது. பாய் எழுந்து வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. திரையும் போய்விட்டது.

கரண்ட் வந்ததும் பாயே கீபோர்டின் முன் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கட்டச் சொன்னார். மிச்சக் கோப்புகள் ஓடி முடிந்தன. ஓர் ஊதாகூட இல்லை. "பாருங்க மேடம், சுத்தமா இருக்குது. பேக் பண்ணிடலாமா?" என்றார் சந்தோஷமாக.

"அது சொல்லிடுச்சு பாய். ரெண்டாவது வாட்டி சொல்லாது."

மேடம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தார். பாய் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஓடியது. அந்த வரி திரும்ப வந்தது. பாய் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஆகலாம்னுதானே மேடம் சொல்லுது? ஆகும்னு சொல்லலையே" என்றார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "உங்க அண்ணன் ரோமம் எடுக்க எறங்குவார்னு சொன்னியே, அது இந்தத் தொட்டிதானே?"

நான் அதைச் சொன்னதையே மறந்துவிட்டிருந்தேன். "ஆமா மேடம்" என்றேன்.

அவர் எழுந்து, மேஜையில் ஓடிக்கொண்டிருந்த மாதிரிப் பெட்டியின் அருகே போனார். பச்சை எரிந்துகொண்டிருந்தது. சென்சார் ஒயரைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். ஒயர் கையோடு வந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் விளக்கையே பார்த்தோம். பச்சை அணையவில்லை. அதே எண், அதே பச்சை.

ஒயரே இல்லாமல் பெட்டியை ஆன் செய்து நாங்கள் முன்பே பார்த்திருக்கிறோம். அப்போது ஒழுங்காகச் சிவப்பு எரிந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சென்சார் பேசாவிட்டால் பெட்டி, கடைசியாக எல்லாம் நன்றாக இருந்த நேரத்து எண்ணையே கையில் வைத்துக்கொண்டு, பயமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பாய் இன்னும் ஒரு தடவை முயன்றார். "ஒயரு போனா பெட்டி வேல செய்யாது, அவ்ளோதானே மேடம்? இத்தன வருஷமா பெட்டியே இல்லாமதானே இருந்தாங்க?"

"பெட்டி இல்லாதப்போ பயந்துனு எட்டிப் பாப்பாங்க பாய். பச்ச எரிஞ்சா தைரியமா எறங்கிடுவாங்க. அவங்களுக்கு இருக்கிற பயத்தையும் நாம போய் புடுங்கிட்டு வரணுமா?"

பாய் ரொம்ப நேரம் அந்தப் பச்சையைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். "விழாவ தள்ளி வெச்சுடுங்க. பெட்டி ரெடி இல்ல... இல்லீங்க, எங்க மேடம் வேணாம்னுட்டாங்க" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து விழுந்த திட்டு எங்களுக்கே கேட்டது. பாய் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதற்காக அவருக்கும் நான் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

மேடம் அந்தக் கோப்பில் மாற்றியது ஓரிரு வரிதான். சென்சார் பேசாவிட்டால் சிவப்பு, சைரன். அதோடு விட்டாரா? மிச்சம் இருந்த ஊதாவையெல்லாம் ஒழித்த பிறகுதான் பெட்டியை வெளியே விட்டார். அதற்குள் போட்ட பந்தலைப் பிரித்துவிட்டார்கள். விழா எதுவும் இல்லாமல் பெட்டியைக் கொண்டுபோய் மாட்டினோம்.

கொஞ்ச நாளில் அவர் கணவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாகி, மேடமும் போய்விட்டார். அப்புறம் பல மாதங்கள் அவரைப் பற்றிய நினைப்பே இல்லாமல்தான் ஓடின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணனுக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"உங்க பெட்டி இருக்குதே, அது மாதிரி பேஜார் புடிச்சது எதுவும் இல்ல" என்று ஆரம்பித்தான். "வெள்ளிக்கெழம பம்பு அடச்சுகிச்சு. மோந்து பாத்தேன், நாத்தமே இல்ல. ஏணில கால் வெச்சேன், ஏணி ஆடிச்சு. திடீர்னு காது கிழியிற மாதிரி அடிக்குது. சூப்பர்வைசர் ஓடியாந்து, ஏறுடானுட்டாரு. இன்னாடானு பாத்தா, கேஸும் இல்ல ஒண்ணும் இல்ல, சென்சார் ஒயரு அரிச்சுப்போய் புட்டுகினு கெடக்குது. ஒயரு போனதுக்கு எதுக்கு ஊரக் கூட்டுது?"

"கேஸ் இல்லைன்னு எப்படித் தெரியும்?"

"அதான் ஒரு கூத்து. பீரோல பூட்டி வெச்சிருக்கிற கை மீட்டர எடுத்தாந்து, கயித்துல கட்டி உள்ள வுட்டாரு சூப்பர்வைசர். அதுவும் கத்துச்சு. அரநாள் வேல போச்சு போ."

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். நாற்றமே இல்லை என்கிறான். மீட்டர் கத்தியது என்கிறான். அரித்துப்போன ஒயர், வாயு ஏறியதைச் சொல்லாமலேயே அறுந்திருக்கிறது. அறுந்த பிறகும் பெட்டியில் பச்சையே எரிந்திருந்தால் அடுத்த படியிலும் கால் வைத்திருப்பான். இப்போது இந்தத் தட்டுக்கு முன்னால் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். உடனே மேடத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நடந்ததைச் சொன்னேன். நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

மேடம் நான் அழுது முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு, "ஒயர மாத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

அண்ணன் போன் பக்கம் குனிந்தான். "முறுக்கி டேப் சுத்தி வெச்சிருக்கேன் மேடம். பச்ச எரியுது."

"மறுபடி புட்டுகிச்சுனா?"

"கத்தும். ஆனா அந்த சத்தம் தாங்கல மேடம். அதான் சைரன் வாயில துணி அடச்சு வெச்சிருக்கோம்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் தட்டைப் பார்த்தான்.

"இப்போ டியூட்டில யார் இருக்காங்க?"

"என் தோஸ்து ஒருத்தன்."

"பம்பு அடச்சா அவர் எறங்குவாரா?"

சோறு பிசைந்த அண்ணனின் கை அப்படியே நின்றது. பிறகு, "வேற சென்சார் ஸ்டோர்ல இருக்குது மேடம், நாளைக்கு மொத வேலையா..." என்று இழுத்தான்.

"அவர் இன்னைக்குதானே அங்க இருக்கார்?" என்றார் மேடம்.

அண்ணன் எழுந்து கையைக் கழுவினான். சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். "மாத்திட்டார்னா எனக்கு ஒரு போன் பண்ணு" என்று சொல்லி மேடம் வைத்துவிட்டார். அவருக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல இடம் கொடுக்கவே இல்லை.

அவன் திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. "ஒயர், சென்சார் எல்லாம் புதுசு போட்டாச்சு. துணியையும் எடுத்துட்டேன்னு உங்க மேடத்துகிட்ட சொல்லிடு" என்று சொல்லிவிட்டு, பசிக்கிறது என்று வந்து உட்கார்ந்தான். குழம்பைச் சுட வைத்து, சோற்றைப் போட்டேன். பசியில் வேகவேகமாகச் சாப்பிட்டான். நான் எதிரிலேயே உட்கார்ந்து, அவன் ஒவ்வொரு வாயாக எடுத்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா அப்படிப் பாக்குற?" என்றான்.

"ஒண்ணும் இல்ல, சாப்புடு" என்றேன்.